காபியில் கலந்த மிளகு

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தை மாதத்தில் நடந்தது இது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அடுக்குக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கிறோம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மறக்க முடியாத அனுபவம் என்று கேட்டால், காவேரியில் வெள்ளம் வந்ததையோ வேலை பார்த்த காலத்துக் கதையையோ சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நினைவுக்கு முதலில் வந்து நிற்பது ஒரு டம்ளர் காபிதான்.

அந்தக் காபிக்கொட்டையை அரைத்த மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெப்பக்குளம் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் நானே போய் வாங்கியது. ஒரு பெரிய டம்ளர் உயரம்தான் இருக்கும். உள்ளே அடியில் இரண்டு இறக்கை வைத்த பிளேடு. கொட்டையைப் போட்டு மூடியை அழுத்தினால் சுற்றும், கையை எடுத்தால் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அதற்குக் குட்டி மிஷின் என்று பேர். கடையில் அரைத்து வாங்கும் தூளில் பாதி வாசனை வழியிலேயே போய்விடுகிறது என்பது என் கட்சி. அதனால் வறுத்த கொட்டையாக வாங்கி வைத்துக்கொண்டு, அவ்வப்போது வேண்டியதை மட்டும் அரைப்பேன். அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடேறித் தூள் கருகல் அடிக்கும். விட்டுவிட்டு அழுத்த வேண்டும், நடுவில் தூக்கிக் குலுக்க வேண்டும். நைஸாகப் போனால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், கொரகொரப்பாக நின்றால் டிகாஷன் தண்ணீராக ஓடிவிடும்.

அந்த மிஷினுக்கு நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். காபிக்கொட்டை தவிர வேறு எதுவும் அதில் விழக்கூடாது.

என் மனைவிக்குத் தோள்பட்டையில் வலி. உரலில் இடிக்க முடியாது. ரசத்துக்கு இரண்டு ஸ்பூன் மிளகு சீரகம் பொடிக்க, மிக்ஸி ஜாரைக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. பொடி ஜாரின் ஓரமெல்லாம் சிதறி ஒட்டிக்கொள்ளும். குட்டி மிஷினில் போட்டால் ஒரே நிமிஷம்தானே என்று ஒரு நாள் கேட்டாள். நான் பெரிய பிரசங்கமே செய்தேன். மசாலாவில் இருக்கும் எண்ணெய் பிளேடுக்கு அடியிலும் மூடியின் வளையத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும், துணியால் துடைத்தால் போகாது, பச்சரிசியைப் போட்டு ஒரு சுற்று அரைத்துக் கொட்டினால்தான் ஓரளவுக்காவது போகும், தினமும் யார் அதைச் செய்வது என்றெல்லாம் சொன்னேன்.

"ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் மண்ணு ஆபீஸ் உங்கள விடலியே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அதில் மிளகைப் போட்டதே இல்லை.

மண்ணு ஆபீஸ் என்று அவள் சொன்னது நான் வேலை பார்த்த மண் பரிசோதனைக் கூடத்தை. தொட்டியத்து வாழைக்கொல்லை மண், ஜீயபுரத்து வயல் மண், துறையூர்ப் பக்கத்துச் செம்மண் என்று பைகளில் வந்து குவியும். ஒவ்வொன்றையும் காயவைத்து, இடித்து, சலித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மண்ணை இடித்த உரலைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவர் மண்ணைப் போட்டால், யாரோ ஒருவர் தேவையில்லாத உரத்தை வாங்கிக் கொட்டுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் முதல் பாடமாக நான் சொன்னது இதுதான். உரலைச் சரியாகத் துடைக்காத ஒருவரை எல்லார் முன்னாலும் வைத்து அழவிட்டும் இருக்கிறேன். அப்போது அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

இனி என் மனைவியைப் பற்றி. சில வருஷங்களுக்கு முன் ஊரெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் எங்களுக்கும் வந்தது. எனக்கு இருமலோடு போய்விட்டது. அவளுக்கு மூக்கு போனது. எல்லாருக்கும் கொஞ்ச நாளில் திரும்பி வந்த வாசனை அவளுக்கு மட்டும் வரவே இல்லை. மல்லிகைப்பூவை மூக்கருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். காபி இப்போது அவளுக்குச் சூடும் கசப்பும் இனிப்பும்தான். வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் ரசப்பொடி, பருப்புப்பொடி என்றால் அவள்தான். நாலு வீட்டுப் பெண்கள் அவளிடம் வாங்கிப் போவார்கள். மூக்கு போன விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகளிடம்கூட. "பாவம்னு பாப்பாங்க, அப்புறம் நான் பண்ணினதைத் தொடறதுக்கு யோசிப்பாங்க. உங்களோட இருக்கட்டும்" என்றாள். நானும் சரி என்றேன்.

அதிலிருந்து நான் அவளுக்கு மூக்கானேன். தனியா வறுக்கும்போது கூட நிற்பேன். பெருங்காயம் பொரியும் நேரத்தில், மிளகாய் கமறும் முன்னால், போதும் என்பேன். யாராவது வந்திருக்கும்போது அப்படி வெளிப்படையாகச் சொல்ல முடியாதல்லவா? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஹாலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வறுவல் வாசனை சரியான பதத்தில் வந்ததும், எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்று "தண்ணி கொடு" என்று கேட்க வேண்டும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் தருவாள். வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "சாருக்கு ரொம்பத் தாகம்" என்று ஒரு பக்கத்து வீட்டம்மா கேலிகூடச் செய்தார்கள். நாங்கள் இருவரும் பிறகு அதை நினைத்துச் சிரித்தோம். கல்யாணமான புதிதில்கூட எங்களுக்குள் இப்படி ஒரு ரகசியம் இருந்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள். துறையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையின் அப்பா அங்கே விதைக்கடை வைத்திருக்கிறார். வயல் மண்ணைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்து பழக்கமாகி, அதன் பிறகு சம்பந்தியானவர். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாமல், ஆஸ்பத்திரி கோயில் என்று எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு, மகள் உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே? என் மனைவி அந்தச் சின்ன அறையைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிக்க வைத்தாள். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தாள். பத்தியச் சாப்பாட்டுக்கு வேண்டிய சுக்கு, மிளகு, சுண்டைக்காய் வற்றல் என்று டப்பா டப்பாவாகச் சேர்த்தாள். அவள் இத்தனை வருஷம் காத்திருந்தது அந்த ஒரு அறைக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

வளைகாப்புக்கு நாள் குறிக்கவும், மகளை எப்போது எங்கள் வீட்டுக்கு அனுப்புவது என்று பேசவும் சம்பந்தி வீட்டார் இருவரும் வருவதாக இருந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், என் மனைவி வெற்றிலை பாக்கு பழம் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். எனக்குப் பனியில் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. மிளகைப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடலாம் என்று எழுந்தேன். மிக்ஸி ஜார் தொட்டியில் எச்சில் பாத்திரத்தோடு கிடந்தது. கழுவச் சோம்பலாக இருந்தது. மேடையில் குட்டி மிஷின் பளபளவென்று நின்றது. ஒரு கை மிளகைப் போட்டு மூடியை அழுத்தினேன். அவள் சொன்னது உண்மைதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பொடியைக் கிண்ணத்தில் தட்டிக்கொண்டு, ஒரு துணியால் உள்ளே துடைத்து, வாயால் ஊதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். பச்சரிசி போடவில்லை. அவள் வந்ததும் சொல்லவும் இல்லை. போட்ட சட்டத்தை நானே மீறியதை அவள் கேலி செய்வாளே என்றுதான் சொல்லவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்.

மறுநாள் சம்பந்திகள் வந்தார்கள். நான் ஹாலில் அவர்களோடு பேசிக்கொண்டிருந்ததால், கொட்டையை அவளே அரைத்தாள். வழக்கமாக நான் அரைப்பதுதான். உள்ளேயிருந்து மிஷின் விட்டுவிட்டுச் சுற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து டவரா டம்ளரில் காபி வந்தது. மேலே நுரை ததும்ப, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். இன்னொரு வாய் குடித்துவிட்டு இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னங்க சம்பந்தி, ஸ்ரீரங்கத்துல காபிக்கும் ரசப்பொடி போடுவீங்களா?" என்று சிரித்தார்.

நான் குடித்துப் பார்த்தேன். மிளகு. நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது.

அவர் கேலியாகத்தான் கேட்டார். நானும் கேலியாக ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் காபி, என் மிஷின், என் வீட்டுக்கு வந்த விருந்தாளி. வாசலில் தட்டோடு நின்ற அவளைப் பார்த்துக்கொண்டே அவர்களிடம் சொன்னேன்.

"அவளுக்கு மூக்கு செத்துப்போய் வருஷக்கணக்காச்சுங்க. வாசனையே தெரியாது. எதை எதுல போட்டு அரைக்கிறாங்கிறது அவளுக்கே தெரியாது. நான் பக்கத்துல நின்னு சொன்னாத்தான் இந்த வீட்ல சமையல்."

அவள் மெல்லிய குரலில், "நான் கொட்டையைத்தானே போட்டேன்" என்றாள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த நொடியில்தான் எனக்கு முந்தின நாள் சாயங்காலம் ஞாபகம் வந்தது. துணி, நான் ஊதியது, எல்லாம் வந்தது. இதை நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். பிறகு யோசித்து, பிறகு கண்டுபிடித்து வருந்தியவன் இல்லை நான். அப்போதே தெரியும். அவள் இன்னும் வாசலில்தான் நின்றாள். "அடடா, நான்தான் நேத்து மிளகு அரைச்சேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாலு பேரும் சிரித்திருப்போம். நான் வாயைத் திறக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வளைகாப்பு நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

சம்பந்தியம்மா அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. காபியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்கள். கிளம்பும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பிரசவத்தை நம்ம ஊர்லயே வச்சுக்கலாம்னு தோணுது. அங்க பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. நீங்க ஏன் தனியாக் கெடந்து சிரமப்படணும்?" என்றார்கள்.

என் மனைவி தலையை ஆட்டினாள். "சரிங்க. உங்க சௌகரியம்" என்றாள்.

அவர்கள் போன பிறகு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அந்தச் சண்டைக்கு நடுவில் எப்படியாவது உண்மையையும் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு. அவள் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு, அந்தச் சின்ன அறைக்குள் போய், மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அதன் பிறகு வீட்டில் சத்தம் குறைந்துபோனது. பொடி கேட்டு வந்த பெண்களிடம், "கடையில வாங்கிக்கோங்கம்மா, எனக்கு முடியல" என்று சொல்லி அனுப்பினாள். சமைக்கும்போது என்னைக் கூப்பிடுவது நின்றது. சில சமயம் விசித்திரமாக ஏதாவது கேட்பாள். "நான் இப்ப உப்பு போட்டேனா?" என்பாள். அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தவள் திரும்பப் போய்ப் பார்ப்பாள், வந்து உட்கார்ந்து மறுபடியும் எழுந்து போவாள். என்னைக் குத்திக்காட்டத்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் இருப்பவள் என்னென்னவோ செய்வாள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தனியா வறுபடும் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் அது பதத்துக்கு வந்தது. எழுந்து போய் வாசலில் நின்று, "தண்ணி கொடு" என்றேன். சமாதானத்துக்கு அதுதான் வழி என்று எனக்குப் பட்டது.

அவள் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அடுப்பை அணைக்கவில்லை. திரும்பி நின்று காய் நறுக்க ஆரம்பித்தாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தனியா சிவந்து, கறுத்து, புகைந்தது. புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அணைத்தாள். வாணலியைக் கொண்டுபோய்க் குப்பையில் தட்டினாள். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த நாளே துறையூருக்குக் கிளம்பினேன். பென்ஷன் விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் பொய் சொன்னேன். நம்பர் ஒன் டோல்கேட்டில் நின்று பஸ் பிடித்தேன். வழியெல்லாம் என் மனதில் இருந்த திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் பெருமைப்படும்படியாக இல்லை. சம்பந்தியம்மாவிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொல்லி, பிரசவத்தை ஸ்ரீரங்கத்துக்கே மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து, "நான் பேசிச் சரிபண்ணிட்டேன்" என்று மனைவியிடம் சொல்ல வேண்டும். அவள் சந்தோஷப்படுவாள். மிளகு விஷயம் அவள் காதுக்கே போக வேண்டியதில்லை.

நான் போனபோது மகள் வேலைக்குப் போயிருந்தாள், சம்பந்தி கடையில் இருந்தார். சம்பந்தியம்மா கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்கண்ணே, போன்கூடப் பண்ணாம வந்திருக்கீங்க" என்று எழுந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். மிளகு அரைத்தது நான், துடைத்து வைத்தது நான், அவள் மேல் தப்பே இல்லை, அதனால் பிரசவத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவர்கள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டார்கள்.

"அண்ணே, காபியில மிளகு விழுந்ததுக்கா நான் பிரசவத்த மாத்தினேன்னு நெனச்சீங்க? எனக்கு அன்னிக்குச் சளி. நல்லாத்தான் இருந்துச்சு, முழுசாக் குடிச்சேனே."

"மூக்கு இல்லேன்னு யோசிச்சீங்களோன்னு…"

"எங்க மாமியாருக்குக் கண்ணே தெரியாது. எம் புள்ளையக் குளிப்பாட்டினது அவங்கதான்." உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டார்கள். "நான் யோசிச்சது உங்களத்தாண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி, கட்டின பொண்டாட்டியோட கொறைய எடுத்துப் போட்டீங்க. அக்கா முகத்தப் பாத்தேன். பச்ச உடம்புக்காரி வந்து இருக்கிற எடம். கொழந்த ராத்திரி அழுவும், பால் பொங்கும், துணி நாறும். ஏதாச்சும் ஒண்ணுன்னா இந்த மனுஷன் யார் மேல பழியப் போடுவாரோ, எம் மருமக அழுவாளோ, அக்கா அழுவாங்களோன்னு தோணுச்சு. அதான்."

வேலையில் இருந்தபோது எல்லார் முன்னாலும் நான் அழவிட்ட அந்த ஆளின் முகம் எங்கிருந்தோ வந்தது.

"மிளகு அரைச்சது நீங்கன்னு அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

"இல்ல."

"அப்புறம் இங்க ஏண்ணே வந்தீங்க? மொதல்ல வீட்டுக்குப் போங்க."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் மண்ணச்சநல்லூர் வரைக்கும் எதைப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. அவள் சமையலறையில் கீழே உட்கார்ந்து வெண்டைக்காயைத் துணியில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல், குட்டி மிஷினை மேடையிலிருந்து எடுத்து, முழங்கால் வலியோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிறகு அதை யாரும் தொடவே இல்லை, காபித்தூளைக் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் வளையத்துக்குள் காபித்தூளோடு சாம்பல் நிறத்தில் மிளகுப்பொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்துக் காட்டினேன்.

"இது நான் அரைச்சது. அவங்க வர்றதுக்கு முந்தின நாள், நீ கடைவீதிக்குப் போயிருந்தப்ப. அரிசி போட்டு அரைச்சுக் கொட்டல. அன்னிக்கு நீ வாசல்ல நிக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவள் என் விரலைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்றுகூட இருந்தது.

"அப்ப நான் இல்லையா?" என்றாள்.

அவள் முகத்தில் வந்தது கோபமில்லை, நிம்மதி. மூச்சை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "நான்தான் போட்டிருக்கேன்னே நெனச்சேங்க. போட்டுட்டு மறந்துட்டேன்னு. மூக்குப் போன மாதிரி புத்தியும் போவுதுன்னு. எங்கப்பாவுக்குக் கடைசியில அப்படித்தானே ஆச்சு? அடுப்ப அணைச்சேனா, உப்புப் போட்டேனான்னு ஒவ்வொண்ணுக்கும் பயம். இந்தக் கையில போயி பச்சக் கொழந்தையத் தரலாமா, அவங்க கூட்டிட்டுப் போறதே நல்லதுன்னுதான் சரின்னேன்."

அவள் அடிக்கடி எழுந்து போய் அடுப்பைப் பார்த்ததெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அதைக் கோபம் என்று நினைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் ஒரு வார்த்தையை நம்பி, அவள் தன் புத்தியையே நம்பாமல் இருந்திருக்கிறாள். காபியைக் கெடுத்தது சின்ன விஷயம். மானத்தை வாங்கியதைக்கூட மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இதை என்ன சொல்லிக் கேட்பது?

கோபம் அதற்கப்புறம் வந்தது. நன்றாகவே வந்தது. பல நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோதும், "சார் ஆபீஸ்ல யார் மண்ண யார் மண்ணுல கலந்தாரோ, எத்தன பேரு வயலு பாழாப் போச்சோ" என்றாள். அந்த ஏச்சு இன்றைக்கும் வாரம் ஒருமுறை வருகிறது. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அன்று சாயங்காலமே எழுந்து முகம் கழுவிக்கொண்டு துறையூருக்கு அவளே போன் செய்தாள். முதலில் மகளிடம் மூக்கு விஷயத்தைத் தானே சொன்னாள். பிறகு சம்பந்தியம்மாவிடம் நெடுநேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு தடவை, "அவர நான் பாத்துக்கறேன், நீங்க அனுப்புங்க" என்று சொன்னது மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்து, அந்தத் துணிகளை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

மகள் வந்தாள். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். சம்பந்தியம்மாவும் பத்து நாள் போலக் கூட வந்து இருந்தார்கள். குழந்தை ராத்திரியெல்லாம் அழுதது, பால் பொங்கியது, சம்பந்தியம்மா சொன்ன எல்லாமும் நடந்தது. நான் வாயைத் திறக்காமல் துணி அலசினேன். பத்தியத்துக்கான பொடியெல்லாம் குட்டி மிஷினில்தான் அரைத்தாள். என் சட்டம் போன இடம் தெரியவில்லை. மிஷின் சுற்றும்போது அவள் காதைச் சாய்த்துக் கேட்பதை அப்போதுதான் கவனித்தேன். கடகடவென்று தொடங்கும் சத்தம் மெல்ல மெல்லச் சன்னமாகி, ஒரே ரீங்காரமாக மாறும் இடத்தில் கையை எடுத்துவிடுவாள். வாசனை போன பிறகு அவளே பழகிக்கொண்டது அது. நான் சொன்னால்தான் இந்த வீட்டில் சமையல் என்று அன்று பேசினேனே, அதுவும் பொய்தான்.

ஒவ்வொரு முறை அரைத்து முடித்ததும் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டிக் கொட்டுவது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை.

ஆனால் வறுக்கும்போது என்னை அவள் கூப்பிடவில்லை. மகள் இருந்தாள், சம்பந்தியம்மா இருந்தார்கள், மூக்குக்குப் பஞ்சமில்லை. அவர்களெல்லாம் துறையூருக்குத் திரும்பிப் போன பிறகும் கூப்பிடவில்லை. புகை வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தானே வறுத்துக்கொண்டாள். எனக்கு ஹாலில் வாசனை வரும். எழுந்திருப்பேன், திரும்ப உட்கார்ந்துகொள்வேன். இனிமேல் நானாகப் போய்க் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

ஆடி மாதம் ஒரு நாள். குடியிருப்புப் பெண்கள் இரண்டு பேர் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அதற்குள் மூக்கு விஷயம் தெரியும், அவளே சொல்லிவிட்டாள், பொடி கேட்டு வருவதை யாரும் நிறுத்தவும் இல்லை. உள்ளே தனியா வறுபட்டுக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல நாற்காலியில் இருந்தேன். வாசனை மெல்ல எழுந்து, பதத்துக்குப் பக்கத்தில் வந்தது. அப்போது சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏங்க, தண்ணி வேணுமா?"

எனக்குத் தாகமே இல்லை. எழுந்து போய் வாசலில் நின்று, "கொடு" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இத்தனைக்குப் பிறகும் என் ஒரு சொல்லை நம்பி அவள் அடுப்பை அணைக்கிறாளே என்ற நினைப்பு, இன்றைக்கும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீரைக் குடிக்கும்போதும் என் தொண்டையில் மிளகு போல நின்று காரமாகத்தான் இறங்குகிறது.